பட்டத்திற்குப் பின் ஓராண்டு

மருத்துவமனையில் முதியவர் ஒருவர் கடுமையான நோய்த்தொற்றுடன் சேர்க்கப்படுகிறார். மருத்துவர் அவருக்கு வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பரிந்துரைக்கிறார். மருந்து சரியானதுதான். ஆனால், முதியவரின் சிறுநீரகங்கள் தளர்ந்துள்ளதை இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே உடலைவிட்டு வெளியேறும். வழக்கமான அளவில் கொடுத்தால், அது உடலில் தேங்கிச் சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடும். இதை உரிய நேரத்தில் கவனித்து, அளவை மாற்றும்படி மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டியவர் மருந்தாளுநர்.

மருந்தின் தன்மையைப் பாடநூல் கற்றுத்தரும். நோயாளியின் அருகில் நின்று விரைவாக முடிவெடுக்கும் திறனோ பயிற்சியால்தான் கைகூடும். அமெரிக்காவில் இதற்காகவே மருந்தாளுநர்களுக்கான உறைவிடப் பயிற்சி நடத்தப்படுகிறது. மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்ற காலத்தில் தோன்றிய பெயர் இது. மருந்தாளுநர்களுக்கான இத்தகைய பயிற்சியை 1927ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி விட்னி தொடங்கினார்.

அந்நாட்டில் மருந்தியல் முனைவர் பட்டம் பெற்று, உரிமத் தேர்வில் தேறியவர் மருந்தாளுநராகப் பணியாற்றலாம். உறைவிடப் பயிற்சி கட்டாயமன்று. எனினும், மருத்துவமனையில் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பணிகளுக்குப் பெரும்பாலும் இப்பயிற்சி பெற்றவர்களையே நாடுகின்றனர். முதலாண்டில் பொதுப் பயிற்சி அளிக்கப்படும். புற்றுநோய், குழந்தை நலம் போன்ற ஒரு துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற விரும்புவோர் இரண்டாம் ஆண்டும் தொடர்வர்.

பயிற்சி இடங்களைவிட விண்ணப்பிப்போர் அதிகம். ஆகவே, முன்கூட்டியே ஆயத்தமாவது இன்றியமையாதது. இறுதியாண்டு மாணவர்கள் வெவ்வேறு மருத்துவப் பிரிவுகளில் சில வாரங்கள் பணிபுரிவர். அங்கே அவர்களின் உழைப்பை நேரில் கண்ட வழிகாட்டிகளே பின்னர்ப் பரிந்துரைக் கடிதம் எழுதுவர். கடைசி நேரத்தில் கேட்டுப் பெறும் கடிதத்தில் பாராட்டுச் சொற்கள் இருக்கலாம், சான்றுகள் இரா.

டிசம்பர் மாதத்தில் மருத்துவமனை மருந்தாளுநர் சங்கத்தின் மாநாடு நடைபெறும். மாணவர்கள் அங்கே பயிற்சி நிலையங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து விவரம் அறிவர். அதையொட்டி மதிப்பெண் பட்டியல், தன்விவரக் குறிப்பு, நோக்கக் கடிதம் ஆகியவற்றை இணையம்வழி அனுப்புவர். ஒரே நோக்கக் கடிதத்தை எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவது பலன் தராது. இந்நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன், இங்கு எதைக் கற்க விரும்புகிறேன் என்னும் இரு வினாக்களுக்கும் கடிதம் விடை கூற வேண்டும். தன்விவரக் குறிப்பில் எழுதிய எதைப் பற்றியும் நேர்காணலில் கேட்கப்படலாம். ஆகவே, செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதுவது தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்வதாகும்.

நேர்காணல்கள் முடிந்தபின், மாணவர்கள் தாங்கள் விரும்பும் நிலையங்களை வரிசைப்படுத்துவர். நிலையங்களும் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரு பட்டியல்களையும் கணினி ஒப்பிட்டு, மார்ச் மாதத்தில் முடிவை அறிவிக்கும். இத்தகைய பொருத்தும் முறையைக் கணித அடிப்படையில் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இருவரும் 1962ஆம் ஆண்டில் விளக்கினர். இத்துறை ஆய்வுகளுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு மாணவர் 'அ' என்னும் நிலையத்தை மிகவும் விரும்புகிறார். ஆனால், அங்கு இடம் கிடைப்பது கடினம் என அஞ்சி, எளிதில் கிடைக்கக்கூடிய 'ஆ' நிலையத்தை முதலில் எழுதலாமா எனத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் தேவையற்றது. 'அ' நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டால், கணினி 'ஆ' நிலையத்தைப் பரிசீலிக்கும். முதலில் 'அ' என எழுதியதால் 'ஆ' நிலையத்தில் அவருக்குரிய வாய்ப்பு குறைவதில்லை. மாறாக, 'ஆ' நிலையத்தை முதலில் எழுதினால், அங்கு இடம் கிடைத்தவுடன் 'அ' நிலையத்திற்கான வாய்ப்பு கைநழுவிவிடும். உள்ளதை உள்ளபடி எழுதுவதே இங்குச் சிறந்த உத்தி.

முதற்சுற்றில் இடம் பெறாதோர் எஞ்சிய இடங்களுக்கான இரண்டாம் சுற்றில் பங்கேற்கலாம். சிலர் மருத்துவமனைகளில் பணியாற்றி அனுபவம் பெற்று, மறுஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பர்.

மலேசியாவிலும் மருந்தியல் பட்டதாரிகள் முழுப் பதிவு பெறுவதற்கு முன்னர், மேற்பார்வையின்கீழ் ஓராண்டு பயிற்சி பெறுகின்றனர். நாடுகளுக்கிடையே முறைகள் வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. நோயாளியின் கைக்கு மருந்து சென்று சேரும் முன்னர், அதை இறுதியாகச் சரிபார்ப்பவர் மருந்தாளுநர். அவர் தவறவிட்ட பிழையைத் திருத்த அவருக்குப் பின்னால் வேறொருவர் இல்லாமல் போகலாம். அந்தப் பொறுப்பைத் தனியே ஏற்கும் முன்னர், தேர்ந்தவர் ஒருவரின் அருகில் நின்று கற்கும் அந்த ஓராண்டு, நோயாளிக்கும் பாதுகாப்பு, மருந்தாளுநருக்கும் பாதுகாப்பு.