புரியாத மொழி ராப்பும் நம் யாப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் பணிபுரியும் ஆசிரியர்கள் கவனித்திருப்பீர்கள். இடைவேளையில் மாணவர்கள் முணுமுணுக்கும் பாட்டில் பாதி மலையாளம். 2024இல் வெளிவந்த ‘ஆவேசம்’ படத்தின் ‘இலுமினாட்டி’ பாடலைச் சொல்லத் தெரியாதவர் எங்கள் எட்டாம் வகுப்பில் குறைவு. சுஷின் ஷியாம் இசையில் அதைப் பாடிய டப்சி, மலப்புரம் மாவட்டத்து ராப் பாடகர். 2022இல் ‘தல்லுமாலா’வின் ‘மணவாளன் தக்’ பாடலில் தம் வட்டாரப் பேச்சிலேயே பாடிக் கவனம் பெற்றவர். ஆனால் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள்.

பொருள் தெரியாமல் ரசிப்பது ரசனையா? பாதி ரசனை என்பேன். அந்தப் பாதியைத் தருவது ஓசை. அதை அளக்கும் கருவிகளோ தமிழாசிரியர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. ராப்பின் உயிர் பெரும்பாலும் இயைபில் இருக்கிறது. பாட்டை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு வரியும் முடியும் ஒலியை மட்டும் தமிழ் எழுத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அமைப்பு தெரிந்துவிடும். அதே மாணவர்கள் செய்யுள் பகுதிக்குத் திரும்பும்போது இயைபைத் தேடித் தவிப்பதில்லை.

மலையாளத்துக்கும் இது அந்நியமான அளவுகோல் அன்று. ‘பாட்டு’ என்றால் எதுகையும் மோனையும் வேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டின் ‘லீலாதிலகம்’ இலக்கணமே சொல்கிறது. டப்சியின் மலப்புரம், மாப்பிளப்பாட்டுப் புலவர் மோயின்குட்டி வைத்தியரின் மண். அந்தப் பாட்டு மரபில் ‘கம்பி’ என்பது ஏறத்தாழ நம் மோனை. ‘கழுத்து’ நம் எதுகை. (ராப் நம் மாவட்டத்துக்கும் புதிதல்ல. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலில் ஒலிக்கும் குரல்களில் ஒன்று தேனி குஞ்சரம்மாளுடையது.)

மீதிப் பாதி, பொருள். இங்கே எனக்கு உதவியது கைப்பேசி மொழிபெயர்ப்பு அல்ல, கடைசி பெஞ்சு. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். சிலர் அங்கேயே சில வகுப்புகள் மலையாளத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். அப்படி வந்த ஒரு மாணவி, தன் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதால் வாசிக்கவே எழமாட்டாள். ராப் வரிகளுக்கு அவளிடம் பொருள் கேட்டோம். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர், ‘பறயுக’ என்றால் சொல்லுதல் என்றாள். ‘பறைதல்’ நம் அகராதியிலும் உண்டு என்று காட்டியபோது வகுப்பு வியந்தது. ‘பட்டி’ என்றால் நாய் என்றதும் ஒரே சிரிப்பு. எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களில் எத்தனை ‘பட்டி’! அன்று சிரித்தது அவளைப் பார்த்து அல்ல. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இன்றும் அவள் ர, ற மாற்றி எழுதுகிறாள். ஆனால் வாசிக்க எழுகிறாள்.

செய்து பார்க்க விரும்புவோர், பாடலை முதலில் தாங்கள் முழுமையாகக் கேட்டு, மலையாளம் அறிந்த பெரியவர் ஒருவரிடம் பொருள் விசாரித்துவிடுங்கள். ராப்பில் வசைச்சொல் கலப்பது வழக்கம். அப்படி ஒரு சொல்லுக்கு வகுப்பில் பொருள் சொல்லும் நிலைக்கு அந்தக் குழந்தையைத் தள்ளிவிடக் கூடாது.