கஞ்சா சாகுபடி: மலை விவசாயிக்கா, பசுமைக்குடில் முதலாளிக்கா?

புதுதில்லி: இமயமலைச் சரிவுகளில் விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றித் தானாகவே முளைத்து வளரும் செடி கஞ்சா. சாலையோரத்திலும் மாட்டுத் தொழுவத்தின் பின்புறத்திலும் ஆளுயரத்துக்கு நிற்கும். அதே செடியைக் கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் கண்ணாடிக் கூடாரங்களுக்குள், செயற்கை ஒளியில், சொட்டுச் சொட்டாக அளந்த நீரும் உரமும் ஊட்டி வளர்க்கின்றன. அங்கே பல பண்ணைகளில் அதன் வேர் இருப்பது மண்ணில் அல்ல. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போன தென்னை நார்க்கழிவில்.

செடியை வளர்க்க உதவும் பொருளை உலகுக்கு விற்கும் நாட்டில், செடியை வளர்ப்பவருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை. இந்த முரண்பாடு புதிதல்ல. ஆனால் மாநில அரசுகள் ஒவ்வொன்றாகக் கஞ்சா சாகுபடிக்குக் கதவைத் திறக்க முற்பட்டிருக்கும் இவ்வேளையில், அக்கதவின் வழியே உள்ளே நுழையப் போவது யார் என்ற கேள்வி எழுந்துள்ளது.

உத்தரகண்ட் 2018-ஆம் ஆண்டிலேயே தொழில்துறைக் கஞ்சா (ஹெம்ப்) சாகுபடிக்கு உரிமம் அளித்தது. ஹிமாசலப் பிரதேசத்தில் வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையில் 2023-இல் அமைக்கப்பட்ட குழு, மருத்துவ, தொழில்துறைத் தேவைகளுக்காகக் கட்டுப்பாட்டுடன் கூடிய சாகுபடிக்குப் பரிந்துரை செய்தது. அதன் அறிக்கையைச் சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. பாலம்பூர், நௌணி ஆகிய இரு இடங்களில் உள்ள வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோடித் திட்டம் நடத்த 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. ஜம்முவில் மத்திய அரசின் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவக் கழகம், கனடா நிறுவனம் ஒன்றின் கூட்டுடன் மருத்துவக் கஞ்சா ஆய்வை ஏற்கெனவே நடத்தி வருகிறது. வேலியும் காவலும் கொண்ட பாதுகாக்கப்பட்ட பரப்பில் அச்செடிகள் வளர்க்கப்படுகின்றன.

தண்ணீரும் உரமும்

மருந்துக்கான கஞ்சாவில் ஒவ்வொரு செடியும் ஒரே அளவு வேதிப்பொருளைத் தரவேண்டும் என்று மருந்து நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. மண்ணில் அது எளிதன்று. ஒரு வயலின் இரு மூலைகளில் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. எனவேதான் நார்க்கழிவு.

தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் பொடிதான் நார்க்கழிவு. வணிகர் வழக்கில் 'காயர் பித்'. ஒரு காலத்தில் ஆலைகளின் பின்புறம் மலைபோல் குவிந்து, அகற்ற வழியின்றிக் கொளுத்தப்பட்ட பொருள் இது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். அதே சமயம் வேருக்குக் காற்றும் விடும். ஆனால் இதில் செடிக்கு உணவு என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ ஏதுமில்லை. ஆகவே ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் உணவையும் அதிலேயே கரைத்துத் தரவேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் விடும் வழக்கம் இம்முறையில் அநேகமாக இல்லை.

மண்ணில் விவசாயம் செய்தவருக்கு இது விசித்திரமாகவே தோன்றும். மண் காய்ந்த பின் நீர் விடுவது அவர் பழக்கம். நார்க்கழிவையோ காயவே விடக்கூடாது. காய்ந்தால் அதிலுள்ள உரத்தின் உப்பு செறிவடைந்து இலை நுனியைக் கருக்கிவிடும். ஆதலால் சிறு சிறு அளவாக, பூக்கும் பருவத்தில் ஒரு நாளில் பல முறை கூட, குழாய்கள் மூலம் நீர் சொட்டுகிறது. விட்ட நீரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அடியில் வடியும்படி விடுகிறார்கள். தேங்கும் உப்பை அது கழுவிச் செல்கிறது. வடிந்த நீரின் மின்கடத்துதிறனை அளந்து, செடி எவ்வளவு உண்டது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று கணக்கிடுகிறார்கள். நீரின் அமில, காரநிலை 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருக்கவேண்டும். தவறினால் உரம் இருந்தும் வேர் அதை எடுத்துக்கொள்ளாது. செடி தழைக்கும் பருவத்தில் தழைச்சத்து மிகுதி. பூக்கும் பருவத்தில் அதைக் குறைத்து மணிச்சத்தும் சாம்பல்சத்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். கழுவாத நார்க்கழிவு, செடிக்குக் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தானே பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை விடுவிக்கும். அதனால் ஏற்றுமதிக்கு முன்பே நல்ல நீரில் பலமுறை கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள்.

அந்தக் கழுவும் வேலை நடப்பது நம் ஊரில். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரம் நார்க்கழிவு உற்பத்தியின் முக்கிய மையங்களில் ஒன்று. 2019-20-இல் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதி 2,757.90 கோடி ரூபாய். அதில் பாதியளவு நார்க்கழிவு மட்டுமே. தக்காளி, வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி, மலர்ப் பண்ணைகளே பெரிய வாடிக்கையாளர்கள் என்றாலும், 2018 அக்டோபரில் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பின் அத்துறையும் அவ்வரிசையில் சேர்ந்துள்ளது. உப்பு நீங்கிய நார்க்கழிவு கப்பலில் போகிறது. உப்பு கலந்த நீர் இங்கேயே தங்குகிறது. நிலத்தடி நீர் கெடுவதாக எழுந்த புகார்களின் பின்னணியில்தான், மாசற்றவை என 'வெள்ளை' வகையில் இருந்த நார் ஆலைகளை 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. ஆலை உரிமையாளர்கள் அதை எதிர்த்தனர் என்பது தனிக்கதை.

சட்டம் சொல்வது

1985 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் முழுத் தடையை விதித்ததாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் 10-ஆவது பிரிவு கஞ்சாச் செடி வளர்ப்பை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. நாருக்கும் விதைக்கும் மட்டுமான சாகுபடியை அரசு அனுமதிக்கலாம் என்கிறது 14-ஆவது பிரிவு. பூங்கதிர் சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. வடமாநிலங்களில் ஹோலிப் பண்டிகையின்போது 'பாங்' விற்கப்படுவது அதனால்தான். சரஸ் எனப்படும் பிசினுக்கு மட்டும் எந்த வழியிலும் இடமில்லை.

ஆக, சட்டத்தில் கதவு இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் திறக்க ஒருவரும் முன்வரவில்லை. அமெரிக்காவும் கனடாவும் திறந்த பிறகே நம் ஆட்சியாளர்களுக்கு அது நினைவுக்கு வந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது, ஆதரவாக விழுந்த 27 வாக்குகளில் இந்தியாவினுடையதும் ஒன்று.

இப்போது வழங்கப்படும் உரிமங்களின் நிபந்தனையைப் பார்க்கவேண்டும். தொழில்துறைக் கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி வேதிப்பொருள் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த எண் வந்த வரலாறு சுவையானது. 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள், செடியை வகைப்படுத்தும் வசதிக்காக ஓரிடத்தில் கோடு கிழித்தனர். போதைக்கும் போதையின்மைக்கும் இடையிலான எல்லை அது என்று அவர்கள் நிறுவவில்லை. பின்னர் பல நாடுகளின் சட்டங்களில் அக்கோடே மதிலாகிவிட்டது.

குமாவூன், கர்வால் மலைகளில் தலைமுறை தலைமுறையாக விதையைத் துவையலுக்கும் நாரைக் கயிற்றுக்கும் பயன்படுத்திவரும் விவசாயியின் நாட்டுச் செடி இந்த அளவுக்குள் பெரும்பாலும் அடங்குவதில்லை. அவர் வெளியிலிருந்து விதை வாங்கவேண்டும். பரிசோதனைக்குப் பணம் கட்டவேண்டும். அளவு மீறினால் பயிரை அழிக்கவேண்டும். குலு மாவட்டத்தில் 'பூலா' என்னும் காலணியைக் கஞ்சா நாரால் பின்னியவர்களின் நிலையும் இதுவே. மறுபுறம் மருந்துக் கஞ்சாவுக்கோ மின்சாரம், குளிர்சாதனம், உரக்கலவை இயந்திரம், காவல் ஏற்பாடு ஆகியவை தேவை. மானாவாரியை நம்பிய அரை ஏக்கர் மலை நிலத்துக்காரர் இதில் எங்கே நிற்பார்?

வேறு வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கஞ்சாவைவிடப் பன்மடங்கு ஆபத்தான அபினியை இந்திய அரசு சிறு விவசாயிகளைக் கொண்டே பயிரிட வைக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கர் வட்டாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் அலுவலகத்தின் உரிமத்துடன் சின்னஞ்சிறு பாத்திகளில் அபினி விளைவிக்கின்றனர். விளைச்சல் முழுவதையும் அரசே கொள்முதல் செய்கிறது. கசிவும் ஊழலும் அங்கும் உண்டு. ஆயினும் நிலம் விவசாயியின் கையில் இருக்கிறது. கஞ்சாவுக்கு ஏன் அம்முறை கூடாது என்பதை விளக்கவேண்டிய பொறுப்பு உரிமம் வழங்கும் அரசுகளுக்கு உண்டு.

பாலம்பூரிலும் நௌணியிலும் தொடங்கும் ஆய்வு, மலையின் நாட்டு விதைகளைச் சேகரித்து, மழை நீரையும் தொழு உரத்தையும் கொண்டே டிஹெச்சி குறைந்த வகையை உருவாக்க முயலுமா, அல்லது வெளிநாட்டு விதையையும் பசுமைக்குடில் முறையையும் பரிந்துரைக்குமா என்பதைப் பொறுத்தே பலவும் அமையும். அதுவரை குலுவின் மலைக் கிராமங்களில் வழக்கம்போலக் காவல்துறையினர் வருவார்கள், நிற்கும் செடிகளை வெட்டிச் சாய்த்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த மழைக்கு அவை மீண்டும் முளைக்கும்.