கடைக் கேமரா யாரோடு பேசலாம்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கடைகளில் கல்லாவுக்கு மேலே தொங்கும் கண்காணிப்புக் கேமரா, தன் சர்வரோடு மட்டும் பேசினால் போதும். ஆனால் உலகில் யாரோடும் அதனால் பேச முடிகிறது. வினையே அங்குதான்.

2016 அக்டோபர் 21 அன்று, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் மிராய் என்ற தீநிரல் வளைத்து, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின் சர்வர்கள்மீது ஏவியது. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை.

இதற்கொரு மருந்து, 2019 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 8520 என்ற இணையத் தரநிலை. கருவியைச் செய்தவரே, "இது இந்த சர்வரோடு, இந்த போர்ட்டில் மட்டும் பேசும்" என்று 'யாங்' மொழியில் அமைந்த தரவு மாதிரிப்படி ஒரு கோப்பு எழுதி, டிஜிட்டல் கையொப்பமிடுவார். கேமரா, இணைந்ததும் அந்தக் கோப்பின் முகவரியைச் சொல்லும். நெட்வொர்க் அதை இறக்கி விதிகளாக மாற்றிக்கொள்ளும். சோதனைச்சாவடியில் சீட்டில் இல்லாத சரக்கு நிற்பதுபோல, கோப்பில் இல்லாத போக்குவரத்து நின்றுவிடும்.

கம்ப்யூட்டருக்கு இது சரிப்படாது; அது போகும் இடங்களையெல்லாம் யார் எழுதி முடிப்பது? ஓர் ஓட்டையும் உண்டு. கோப்பின் முகவரியை, நெட்வொர்க்கில் இணையும்போது நடக்கும் டி.எச்.சி.பி. உரையாடல் வழியாக வெறுமனே சொன்னால், கைப்பற்றப்பட்ட கருவி வேறொன்றின் முகவரியைச் சொல்லி ஏய்க்கலாம். சான்றிதழோடு சொன்னால் நம்பலாம். மலிவு விலைக் கேமரா செய்பவர் அதற்குச் செலவழிப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.