நேர்காணலின் முடிவில் விண்ணப்பதாரர் கேட்க வேண்டிய கேள்விகள்

வேலைக்கான நேர்காணல் முடியும் தறுவாயில், "நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று தேர்வாளர்கள் விண்ணப்பதாரரிடம் வினவுவது தனியார் நிறுவனங்களில் பரவலான வழக்கம். கல்லூரி வளாகத் தேர்வுகளிலும், தனியார் பள்ளிகளின் ஆசிரியர் தேர்விலும், வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவற்றின் நேர்காணல்களிலும் இக்கேள்வி வரும். அப்போது எதைக் கேட்கலாம், எதை யாரிடம் கேட்கலாம், வரும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை வைத்து விளக்குகிறது.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் "ஒன்றுமில்லை சார், நன்றி" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று வீட்டிலும் வகுப்பறையிலும் பழக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். பள்ளிக்கூடம் இதில் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. ஆனால் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அந்த வேலையைப் பற்றி அறிந்தவரிடம் நேரில் பேசக் கிடைக்கும் வாய்ப்பு பலருக்கு இது ஒன்றுதான். கல்விக் கடன் வாங்கிப் படித்த மாணவருக்கு இந்தச் சில நிமிடங்களில் விட்டுவிடும் ஒரு கேள்வி, பின்னர் பல மாதச் சம்பளமாகவும் திரும்பக் கிடைக்காத சான்றிதழாகவும் வந்து நிற்கக்கூடும்.

நல்ல கேள்விக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. எதிரில் இருப்பவரால் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலைப் பொறுத்து விண்ணப்பதாரரின் முடிவு மாறக்கூடும். "உங்கள் நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது?" என்பது இந்த இரண்டிலும் அடங்காது. அது இணையதளத்திலேயே இருக்கும். கேட்டால் படிக்காமல் வந்தது மட்டுமே தெரியவரும்.

வேலையைப் பற்றிய கேள்விகள்

"இந்த இடம் புதிதாக உருவாக்கப்பட்டதா, ஏற்கெனவே இருந்தவர் போனதால் காலியானதா?" என்பது எளிமையான, ஆனால் நிறையச் சொல்லும் கேள்வி. "அவர் பதவி உயர்வு பெற்று வேறு பிரிவுக்குப் போய்விட்டார்" என்று பதில் வந்தால் அது நல்ல செய்தி. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று பேர் வந்து போயிருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை. பதில் மழுப்பலாக இருந்தால், அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இந்தப் பணியில் சேருபவர் முதல் மூன்று மாதங்களில் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், சார்?" என்ற கேள்வி புதிதாகப் படித்து முடித்தவருக்கு ஏற்றது. பயிற்சி உண்டா, இல்லை முதல் நாளிலேயே வேலையில் இறக்கிவிடுவார்களா என்பது இதில் வெளிப்பட்டுவிடும். யாருக்குக் கீழ் வேலை, தகுதிகாண் பருவம் எத்தனை மாதம், அது முடியும்போது எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்பவற்றையும் இதையொட்டிக் கேட்கலாம். வேலை பெயருக்கு ஒன்றாகவும் உண்மையில் வேறாகவும் இருப்பது அரிதல்ல. "அலுவலக நிர்வாகி" என்று அழைத்து விற்பனைக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. "ஒரு சாதாரண நாளில் இந்த வேலையில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்வார்?" என்று கேட்டால் வேடம் கலைந்துவிடும்.

தனியார் பள்ளிகளில் ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தனை வகுப்பு, சொந்தப் பாடம் தவிர வேறு பாடமும் எடுக்க வேண்டுமா என்பவை முதலில் வரும். அதைவிட முக்கியமானது மே மாதச் சம்பளம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராமல், ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்ததுபோல் கணக்கு வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அதே மே மாதத்தில் மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்களை ஊர் ஊராக, வீடு வீடாக அனுப்பும் பள்ளிகளும் இருக்கின்றன. "மேடம், சம்பளம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் உண்டா? விடுமுறையில் எங்களுக்கு என்ன பொறுப்புகள் இருக்கும்?" என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல தாளாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சம்பளக் கணக்கு

வளாகத் தேர்வுகளில் சொல்லப்படும் ஆண்டுத் தொகை பெரும்பாலும் சி.டி.சி. எனப்படுவது. பணியாளருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை அது. கையில் வரும் சம்பளம் அல்ல. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்றதும் மாணவர் மனத்துக்குள் பன்னிரண்டால் வகுத்து 30,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் அதிர்ச்சி.

ஒரு மாதிரிக் கணக்கு: இந்த 30,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்குவது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 720 ரூபாய். செயல்திறனைப் பொறுத்துத் தருவதாகச் சொல்லும் தொகை 10 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். இவற்றைக் கழித்தால் சுமார் 24,480 வரும். அதிலிருந்து பணியாளரின் சொந்த வைப்பு நிதிப் பங்கு 1,800 போனால் மீதி 22,680. தொழில் வரியும் காப்பீட்டுப் பிடித்தமும் இருந்தால் இன்னும் குறையும். வைப்பு நிதி பணியாளரின் சேமிப்புத்தான், வீணாவதில்லை. ஆனால் சென்னையில் அறை வாடகையும் கடன் தவணையும் கையில் வரும் பணத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும். பணிக்கொடையோ, நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்தால்தான் கிடைக்கும்.

எனவே "சம்பளம் எவ்வளவு?" என்பதைவிட, "பிடித்தம் போக மாதம் கையில் எவ்வளவு வரும்? மாறக்கூடிய தொகை எவ்வளவு, அது எப்போது வழங்கப்படும்?" என்று கேட்பதே சரி. இதைப் பாட அறிவைச் சோதிக்கும் சுற்றில் கேட்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் பொறியாளருக்கு இந்த விவரம் தெரியாமலும் இருக்கலாம். மனிதவளப் பிரிவினர், அதாவது எச்.ஆர்., நடத்தும் சுற்றுதான் இதற்கு உரிய இடம். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதே அநாகரிகம் என்று சொல்பவர்கள் உண்டு. உழைப்பை விற்க வந்தவர் விலை கேட்பதில் என்ன அநாகரிகம் இருக்கிறது என்பது விளங்கவில்லை.

ஒப்பந்தப் பத்திரமும் சான்றிதழும்

"பாண்ட்" என்று வழக்கில் சொல்லப்படும் பணி ஒப்பந்தப் பத்திரம், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் குறிப்பிட்ட தொகையைக் கட்ட வேண்டும் என்று கூறும். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று மாணவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது பாதி உண்மை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பிரிவு 74-இன்படி, பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெற முடியும். ஆனால் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே அலட்சியமாகக் கையெழுத்திடக் கூடாது. பத்திரம் உண்டா, எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தப் பயிற்சிச் செலவுக்காக, காலம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம்.

மூலச் சான்றிதழ்களைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். சரிபார்ப்பதற்காக வாங்கி அன்றே திருப்பித் தருவது இயல்பு. "இங்கேயே பத்திரமாக இருக்கும்" என்று வைத்துக்கொள்வதாகச் சொன்னால் கவனம் தேவை. வேறு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைக்கும் நாளில் அந்தச் சான்றிதழ்கள்தான் பிணைப்பொருளாகும்.

பதிவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று பணம் கேட்டால், அதற்கு மேல் எந்தக் கேள்வியும் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். வெளிநாட்டு வேலையானால் எந்த விசாவில் அனுப்புகிறார்கள், முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று கேட்டே ஆக வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-இல் மீட்டு அழைத்துவரப்பட்டார்கள்.

பெண் விண்ணப்பதாரர்கள் இரவுப் பணி உண்டா, உண்டென்றால் வீட்டு வாசல் வரை வாகனம் உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

கேட்கும் முறை

இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும். முன்கூட்டியே ஐந்தாறு எழுதிக்கொண்டு போனால், பேச்சின் நடுவே சிலவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டாலும் மீதி இருக்கும். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று முழுதாக ஊகிக்க முடியாது. இந்தப் பகுதியில் மட்டும் பேச்சைத் தொடங்குபவர் விண்ணப்பதாரர். ஆங்கிலத்தில் தடுமாறும் தமிழ்வழி மாணவர், தன் கேள்விகளை எளிய வாக்கியங்களாக எழுதி, நண்பரிடம் நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம். குறிப்பேட்டைத் திறந்து பார்த்துக் கேட்பது குறையாகாது.

"நான் எப்படிச் செய்தேன்?", "என்னைத் தேர்வு செய்வீர்களா?" போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது, எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்துவதைத் தவிர அவற்றால் பயன் இல்லை. அதற்குப் பதிலாக, "முடிவு எப்போது, எந்த வழியில் தெரிவிப்பீர்கள்?" என்று கேட்கலாம். தேர்வாகிவிட்டதாகச் சொன்னால் பணியில் சேரும் தேதியையும் கேட்க வேண்டும். கடிதம் கையில் இருந்தும் அழைப்பு வராமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பொறியியல் பட்டதாரிகள் உண்டு.

அரசுத் தேர்வாணையங்களின் நேர்காணல்களுக்கு இவை பொருந்தா. குடிமைப் பணித் தேர்வின் 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வில், ஊதியமும் பணி விதிகளும் ஏற்கெனவே அரசு வெளியிட்டவை. அங்கே கேள்வி கேட்பது தேர்வுக் குழுவின் வேலை.

வெளியே வந்ததும், பேருந்து ஏறுவதற்கு முன்பே, கேட்ட பதில்களைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நியமனக் கடிதம் வந்த பிறகு அதை அந்தக் குறிப்போடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். வாயால் சொன்னது கடிதத்தில் இல்லையென்றால், கையெழுத்திடும் முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளலாம்.