பகிரங்கப் பேரேடும் மறைவுக் கணக்கும்

கிரிப்டோ நாணயம் கையால் தொடத்தக்க பொருளன்று. சர்க்கார் வெளியிட்ட பணமுமன்று. ஆயினும் அது சொத்தே. ஒருவர் அனுபவிக்கவும், பிறரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கவும் தக்க சொத்தே என்று 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி ஸ்ரீ என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் சட்ட நுட்பத்தை வக்கீல்கள் ஆராயட்டும். அதன் அடியில் கிடக்கும் கணக்கு விஷயத்தைப் பற்றியே நாம் இங்கு சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

வழக்கின் வரலாறு இது. வாஸிர்எக்ஸ் என்னும் நாணய மாற்று ஸ்தாபனத்துக்குச் சென்னையிலிருந்து பணம் செலுத்தி, 2024 ஜனவரியில் 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களும் சொச்சமும் வாங்கி வைத்திருந்தார் ஒருவர். அவ்வருஷம் ஜூலை 18-ந் தேதி அந்த ஸ்தாபனத்தின் பெட்டகமொன்று கொள்ளை போயிற்று. போன தொகை 23 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். உடனே எல்லோருடைய கணக்கும் முடக்கப்பட்டது. கொள்ளை போனவையோ எத்தீரியம் என்னும் பேரேட்டில் பதிவாகும் நாணயங்கள்; இவர் வாங்கியது முற்றிலும் வேறொரு பேரேட்டைச் சேர்ந்தது. இவ்வேற்றுமையை நீதிபதி எடுத்துக் காட்டி, அவர் சொத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

இவ்வேற்றுமை யாரும் துப்பறிந்து கண்ட ரகசியமன்று. பிளாக்செயின் என்பது ஒருவரும் பூட்டி வைக்காத பேரேடு. வள்ளூரில், 1,500 மெகாவாட் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு அருகே வசிக்கும் ஓர் இளைஞன், ஸாதாரணக் கம்ப்யூட்டரில் பைதான் பாஷையில் இருபது முப்பது வரி எழுதினால் அதைப் படித்துவிடலாம். பேரேட்டின் பிரதியை வைத்திருக்கும் யந்திரம் ஒன்றை அணுகி, இன்ன எண்ணுள்ள பரிவர்த்தனையின் விவரங்களைக் கொடு என்று அவன் ப்ரோகிராம் கேட்கும். அனுப்பிய விலாசம், பெற்ற விலாசம், தொகை ஆகிய மூன்றும் அவ்விவரங்களில் வந்துவிடும். எத்தீரியத்தில் சுமார் 12 விநாடிக்கு ஒரு முறை புது ஏடு சேருவதால், நடந்த நேரமும் தெரியும்.

ஆனால் அவசரக்காரருக்கு இங்கே ஒரு பொறி உண்டு. அவ்விவரங்களிலுள்ள தொகை பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்ட முழு எண். அதில் தசமப் புள்ளி கிடையாது. ஈதர் நாணயமாயின் 1-க்குப் பின் 18 சுழிகள் சேர்ந்தால்தான் ஒரு முழு நாணயம். டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி நாணயத்துக்கு எத்தீரியத்தில் 6 சுழிகளே. ஒன்றின் வகுத்தியை மற்றொன்றுக்குப் போட்டால் கணக்கு லட்சம் கோடி மடங்கு பிசகிவிடும். ஆகையால் அந்தந்த நாணயத்தின் ஒப்பந்தத்தையே முதலில் கேட்டு, தசம ஸ்தானத்தை அறிந்துகொள்வதே முறை.

கொள்ளை நடந்த அன்று முதலில் அபாயக் குரல் எழுப்பியவர்கள் இப்பேரேட்டை வெளியிலிருந்து கவனித்துக் கொண்டிருந்தவர்களே. களவு போனவை ஈதராக மாற்றப்பட்டதும், பிற்பாடு டொர்னாடோ கேஷ் என்னும் கலவை யந்திரத்துக்குள் சென்றதும் ஊரறிய நடந்தன. 2025 ஜனவரி 14-ந் தேதி அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று சர்க்கார்களும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இச்செயலை வடகொரியாவின் மீது சாட்டிற்று. பெட்டகத்தைத் திறக்கக் கையெழுத்திட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று அந்த ஸ்தாபனமே அப்போது கூறியதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அழகிய திரையை நம்பி, அதன் பின்னாலுள்ள எழுத்தைப் படியாதிருந்ததற்குக் கொடுத்த விலை அது!

பேரேடு பகிரங்கமாயிருந்தும் ஜனங்கள் ஏன் தவித்தார்கள்? எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி வள்ளூருக்கு வந்து குவிகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு எரிந்தது என்று கணக்குச் சொல்லலாம். குவியலில் எந்தக் கட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல முடியுமா? மாற்று ஸ்தாபனங்களின் பெட்டகமும் அத்தகையதே. லட்சக்கணக்கானவர்களின் நாணயங்கள் ஒரு சில விலாசங்களில் ஒன்றாய்க் கிடக்கின்றன. பெட்டகத்திலிருந்து வெளியே போனதைப் பிளாக்செயின் காட்டும். அதில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்பதோ ஸ்தாபனத்தின் சொந்தக் கணக்கில் மட்டுமே இருக்கிறது. அக்கணக்கை எந்தப் ப்ரோகிராமாலும் வெளியிலிருந்து படிக்க இயலாது.

இந்நாணயங்களை வாங்குங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. இவ்வியாபாரத்தில் பெரும்பகுதி சூதாட்டத்துக்கு வெகு தூரத்திலில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் இந்திய சர்க்கார் 2022 ஏப்ரல் 1 முதல் இதன் லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. அவ்வருஷம் ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடித்துக்கொள்ளச் செய்தது. வரிக்காக இவ்வளவு கணக்குக் கேட்ட சர்க்கார், பணம் போட்டவர்களுக்காகவும் கேட்கலாம். ஸ்தாபனங்கள் தங்கள் பெட்டக விலாசங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டும். வாடிக்கைக்காரர்களின் இருப்பையெல்லாம் சேர்த்து ஒரே கணித முத்திரையாகச் சுருக்கி, குறித்த தவணைகளில் வெளியிடவும் வேண்டும். பிறர் கணக்கைப் பாராமலே, தம் இருப்பு அதில் அடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சரிபார்க்க அம்முறை இடங்கொடுக்கிறது. இவ்விரண்டையும் சட்டத்தால் கட்டாயமாக்கும்படி நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும். அவர்களை வற்புறுத்த வேண்டியவர்கள் வடசென்னை வாக்காளர்கள்.