மடிக்கணினியும் உயர்தெளிவு வெளித்திரையும்

செயற்கைக்கோள் படம் ஒன்றில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் அரை மீட்டர் நீள அகலத்தைக் குறிப்பதாகக் கொள்வோம். திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகத்தின் கோயிற் குளத்தை நடுவில் வைத்து அப்படத்தைத் திறந்தால், கிடையாக 1366 புள்ளிகளும் மேல்கீழாக 768 புள்ளிகளும் உடைய மடிக்கணினித் திரையில், 683 மீட்டர் நீளமும் 384 மீட்டர் அகலமும் உள்ள நிலப்பரப்பே முழு விவரத்துடன் தோன்றும். 3840 புள்ளிகளும் 2160 புள்ளிகளும் கொண்ட உயர்தெளிவுத் திரையிலோ 1920 மீட்டர் நீளமும் 1080 மீட்டர் அகலமும் உள்ள பரப்பு அதே விவரத்துடன் விளங்கும். குளத்தின் கரையோடு, சுற்றியுள்ள தெருக்களின் அமைப்பையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுக் காண இது துணை செய்கிறது.

கேரளத்தில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் மின்னணு முறையிலான நில மறு அளவைப் பணி தொடங்கியது. அதற்கு முன்னரே, 2018இல், அம்மாநில அரசின் கைட் நிறுவனம் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கும் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே வரைபடம் பார்க்கும் ஊழியருக்கும் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் மடிக்கணினியை வேறொரு திரையுடன் இணைப்பது அன்றாட வேலையாகிவிட்டது. புதிய திரை வந்த பின்னும் படம் மங்கலாகத் தெரிவதும், சுட்டி தத்தித் தத்தி நகர்வதும், சில வேளைகளில் திரை இருண்டே இருப்பதும் பலர் அறிந்தவை. குறையுள்ளதென்று நல்ல திரையைத் திருப்பி அனுப்புவதும், ஒரு பாட வேளை வீணாவதும் இதன் விளைவுகள். இக்குறைகளுள் பெரும்பாலானவற்றின் காரணத்தை எளிய கணக்கினால் அறியலாம்.

புள்ளிகளின் கணக்கு

3840ஐ 2160ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள் வரும். இது 1920க்கு 1080 உள்ள திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இவற்றுடன் வரிகளுக்கும் படங்களுக்கும் இடையே விடப்படும் இடைவெளியையும் சேர்த்தால், வழக்கமான அளவீட்டின்படி விநாடிக்கு ஏறத்தாழ 1,426 கோடி பிட்டுகள் மடிக்கணினியிலிருந்து திரைக்குச் செல்ல வேண்டும். புதுப்பிப்பை 30 முறையாகக் குறைத்தால் இத்தொகை 713 கோடியாகப் பாதியாகும்.

இனி, இதனைக் கொண்டு செல்லும் வழியின் கொள்ளளவைக் காண்போம். 2009இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் தரம், படச் செய்தியாக விநாடிக்கு 816 கோடி பிட்டுகளையே கடத்த வல்லது. 2013இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.0 தரமோ 1,440 கோடி பிட்டுகளைக் கடத்தும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தின் கொள்ளளவு 1,728 கோடி. பழைய 1.4 தரத்தினால் உயர்தெளிவுப் படத்தை விநாடிக்கு 30 முறையே அனுப்ப முடியும் என்பதும், சுட்டி தத்தி நகர்வதன் காரணமும் இக்கணக்கினால் விளங்கும்.

இங்கு நினைவிற் கொள்ள வேண்டியது யாதெனில், எச்.டி.எம்.ஐ. 1.4, 2.0 ஆகிய இரு தரங்களுக்கும் செருகியின் வடிவம் ஒன்றே. துளையைப் பார்த்துத் தரத்தை அறிய இயலாது. மடிக்கணினியின் படச் சில்லு, அதன் துளை, கேபிள், இடையிலுள்ள இணைப்பி, திரையின் துளை ஆகிய ஐந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் மிகக் குறைந்த கொள்ளளவுடையதே முழு வழியின் கொள்ளளவை நிர்ணயிக்கும்.

திரை தன்னை அறிவிக்கும் முறை

கேபிளைச் செருகியவுடன் மடிக்கணினி திரையிடம் அதன் இயல்பைக் கேட்டறிகிறது. தயாரிப்பாளர், அளவு, ஏற்கக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கை, புதுப்பிப்பு வீதம் ஆகியவை திரைக்குள் ஒரு சிறு நினைவகத்தில் பதிந்துள்ளன. இ.டி.ஐ.டி. எனப்படும் இக்குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளே கொண்டது. கேபிளில் இதற்கென உள்ள மெல்லிய கம்பி அறுந்தாலும், மலிவான இணைப்பி இக்குறிப்பைக் கடத்தத் தவறினாலும், மடிக்கணினி திரையின் திறனை அறியாது, 1024க்கு 768 போன்ற பாதுகாப்பான சிறிய அளவையே அனுப்பும். நல்ல திரையிலும் படம் மங்கலாவதற்கு இஃது ஒரு காரணம்.

இணைக்கும் முறை

முதலில் மடிக்கணினியின் விவரக் குறிப்பைப் பார்த்து, அது வெளித்திரைக்கு அனுப்பக்கூடிய பெரும அளவை அறிதல் வேண்டும். யு.எஸ்.பி. சி துளைகள் யாவும் படத்தைக் கடத்துவன அல்ல. சில துளைகள் மின்னூட்டத்திற்கும் கோப்புப் பரிமாற்றத்திற்கும் மட்டுமே பயன்படும். பின்னர்க் கேபிளை இணைத்துத் திரையின் பொத்தான்களைக் கொண்டு உரிய உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரை இருண்டிருப்பதற்குப் பல இடங்களில் இத்தேர்வு செய்யப்படாமையே காரணம்.

விண்டோஸ் அமைப்பில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால், ஒரே படத்தை இரு திரைகளிலும் காட்டுவதா, வெளித்திரையைத் தனிப் பரப்பாக நீட்டிப்பதா, வெளித்திரையில் மட்டும் காட்டுவதா என்ற தேர்வுகள் தோன்றும். ஒரே படத்தை இரண்டிலும் காட்டினால், பெரும்பாலும் இரு திரைகளும் ஏற்கும் சிறிய அளவே நிலைபெறும். முழுத் தெளிவு வேண்டுவோர் நீட்டிப்பதையோ வெளித்திரையை மட்டும் பயன்படுத்துவதையோ தேர்தல் நலம். அதன்பின் திரை அமைப்புப் பக்கத்தில் 3840க்கு 2160 என்ற அளவையும், 60 என்ற புதுப்பிப்பு வீதத்தையும் தெரிவு செய்க. உபுண்டு அமைப்பிலும் அமைப்புகள் பகுதியின் திரைப் பக்கத்தில் இவ்விரண்டும் உள்ளன.

60 என்ற எண் பட்டியலில் காணப்படாவிடில் திரையைக் குறை கூறுமுன், கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். திரையின் மற்றொரு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். இணைப்பியை நீக்கி நேராக இணைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு கண்ணியை மட்டும் மாற்றினாலே குறை எதில் உள்ளதென்பது புலப்படும். படம் அவ்வப்போது மறைந்து தோன்றினால் கேபிளின் நீளத்தைக் கவனிக்க. உயர்தெளிவுப் படத்திற்கு நீண்ட சாதாரணக் கேபிளினும் குறுகிய கேபிளே நம்பத்தக்கது. எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் திரைக்குச் செல்வதாயின், வெறும் செருகி மாற்றி பயன்படாது. செய்தியை உருமாற்றும் மின்சுற்று உடைய இணைப்பியே தேவை.

நிலையான வரைபடத்தைப் பார்க்கும் ஊழியருக்கு 30 என்ற வீதமும் போதுமானதே. படத்தின் தெளிவு அதனால் குறைவதில்லை. அசைவின் சீர்மையே குறைகிறது. இதற்காகவே பழைய மடிக்கணினியை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை.

கடைசி வரிசை மாணவருக்கு எது வேண்டும்?

உயர்தெளிவுத் திரை எல்லாவிடத்தும் சிறந்தது என்று எண்ணுதல் பிழையாகும். இயல்பான பார்வையுடைய கண், கோணத்தில் ஒரு கலை அளவுள்ள விவரத்தையே பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.29 மில்லிமீட்டர், ஆறு மீட்டர் தொலைவில் 1.75 மில்லிமீட்டர். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகள் இருப்பின் ஒரு புள்ளியின் அளவு 0.63 மில்லிமீட்டர், 3840 புள்ளிகள் இருப்பின் 0.32 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் அமர்ந்தவருக்கே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மறையத் தொடங்கும். ஆறு மீட்டர் தொலைவிலுள்ள கடைசி வரிசை மாணவருக்கு அது முற்றிலும் தெரியாது.

மேலும், அதே அளவுள்ள திரையில் புள்ளிகள் நெருங்கும்போது எழுத்துகளும் சிறுத்துவிடும். அமைப்புப் பக்கத்தில் உருப்பெருக்கத்தை 100 சதவீதத்திலிருந்து 200 சதவீதமாக உயர்த்தினால் அவை பழைய அளவை அடையும். இதனைச் செய்யாத வகுப்பறையில் உயர்தெளிவுத் திரை மாணவருக்கு நன்மை செய்வதற்குப் பதிலாகத் தீமையே செய்யும்.

எனவே, நில வரைபடத்தை அருகிலிருந்து ஆராயும் ஊழியரின் மேசைக்கு உயர்தெளிவுத் திரை உரியது. வகுப்பறைக்குப் பொருத்தமானது பெரிய திரையும் பெரிய எழுத்துமே. பள்ளியின் பணத்தைச் செலவிடுமுன், வாங்கவிருக்கும் திரையைப் பள்ளியிலுள்ள அதே மடிக்கணினியுடன், அதே கேபிளில் இணைத்துச் சோதித்தல் வேண்டும். பின்னர்க் கடைசி வரிசையில் ஆசிரியரே அமர்ந்து, திரையிலுள்ள மிகச் சிறிய எழுத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.