டேன்ட் தோலும் டேனிங் டிரம்மும்

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஃபினிஷ்ட், டேன்ட், சால்ட்டட் எல்லாம் நாள் முழுக்கக் காதில் விழும் சொற்கள்தாம். மெயில் எழுத உட்கார்ந்தால்தான் ‘ஃபினிஷ்ட்’டா, ‘ஃபினிஷிங்’கா என்று கை நின்றுவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இது, டீ ஆறுவதற்குள் விளங்கிவிடும்.

குழப்பம் தமிழின் தாராளத்தால் வருவது. பதனிட்ட தொழிலாளி, பதனிட்ட தோல், பதனிட்ட பட்டை, பதனிட்ட கூடம், பதனிட்ட நாள்: எல்லாவற்றுக்கும் ஒரே பெயரெச்சம். செய்தவரா, செய்கைக்கு ஆளானதா என்பதைப் பின்னால் வரும் பெயரே காட்டிவிடும். இப்படிப் பெயரெச்சம் ஏற்கும் பெயர்களை நன்னூல் ஆறு வகையாகச் சொல்கிறது. ஆங்கிலம் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. செய்வதற்கு ‘இங்’, செய்கைக்கு ஆளானதற்குப் பள்ளியில் ‘வி-3’ என்று படித்த பாஸ்ட் பார்ட்டிசிபிள்.

ஆகவே ஒரு கேள்வி போதும்: அந்த வேலையை இந்தப் பொருளே செய்கிறதா, இதன்மேல் யாராவது செய்தார்களா? உப்பைத் தோல் தடவிக்கொள்ளவில்லை, தடவினார்கள், எனவே சால்ட்டட். அதேபோல் டேன்ட், ஃபினிஷ்ட்.

இந்தச் சொல்லை வைத்து எழுதிய ஒரு விதியின்மேல் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பழைய மதராஸ் விற்பனை வரி விதிகளில் 16-ஆம் விதி, தோலை அன்டேன்ட், டேன்ட் என்று பிரித்தது. டேன்ட் தோலையும் மாநிலத்துக்குள் பதனிட்டது, வெளியே பதனிட்டது என்று மீண்டும் பிரித்தது. உள்ளே பதனிட்டதற்குப் பச்சைத்தோல் விலைமேல் கட்டிய வரியே போதும். வெளியிலிருந்து வந்ததற்கோ, பதனிட்ட தோலின் கூடுதல் விலைமேல் வரி. மேதாப் மஜீத் என்ற நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. அரசியலமைப்பின் 304-ஆம் பிரிவுக்கு முரணான பாகுபாடு இது என்று 1960களின் தொடக்கத்தில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. தோலுக்கு என்ன நடந்தது, எங்கே நடந்தது என்பதை ‘டேன்ட்’ என்ற பார்ட்டிசிபிளை வைத்துத்தான் விதி கேட்டது. அதனால்தான் இன்வாய்ஸில் இதை அலட்சியமாக எழுதக் கூடாது என்கிறேன்.

இனி ‘இங்’. தோல் ஷாப்புக்குள் சுற்றும் பெரிய மர டிரம்மைப் பாருங்கள். அது ரொடேட்டிங் டிரம். சுற்றுவது டிரம்மேதான், ஆகவே இந்த ‘இங்’ பிரசென்ட் பார்ட்டிசிபிள். அதையே டேனிங் டிரம் என்றால் கதை வேறு. தோலைப் பதப்படுத்துவது உள்ளே ஊற்றிய குரோமியம் உப்பு. டிரம் அந்த வேலைக்கான கலன். இந்த ‘இங்’ ஜெரண்ட், அதாவது தொழிற்பெயர். ஃபினிஷிங் செக்‌ஷனும் அப்படியே. ‘அதற்கான’ என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் ஜெரண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பிளிட் லெதரில் மட்டும் ‘ஈடி’யைத் தேடாதீர்கள். ஸ்பிளிட் என்ற வினைக்கு மூன்று வடிவமும் ஒன்றே; ‘ஸ்பிளிட்டட்’ என்று எழுதினால்தான் தவறு.